இருபது வீட்டுக்கு ஒரு சட்டை

பெரிய முதலாளிக்கு டாக்டர் இரண்டு மாதம் கெடு வைத்தார். அந்த இருபது வீடும் எழுந்தது அதனால்தான். வாசல் கல்வெட்டில் இதெல்லாம் இருக்காது. 'உழைத்துக் களைத்தவர்களுக்கு ஓர் இல்லம்' என்று அழகாகப் பொறித்திருப்பார்கள். ஆனால் சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நடந்ததைப் புட்டுப் புட்டு வைப்பார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்த மனுஷன், போகிற இடத்துக்குக் கொஞ்சம் புண்ணியமாவது கூட வரட்டும் என்று பயந்துபோய், ஓய்வு பெறும் தொழிலாளிகளுக்கு ஆயுள் முழுக்க வீடு என்று அறக்கட்டளை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் உடம்பு தேறிவிட்டது. அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் குத்துக்கல் மாதிரி இருந்தார்.

கொடுத்ததைப் பிடுங்க முடியவில்லை. அந்தக் கடுப்பில் வருஷத்துக்கு ஒரு நிபந்தனையாகச் சேர்த்துக்கொண்டே போனார். மாடியில் கோழி வளர்க்கக் கூடாது. முதலாளி வீட்டார் வரும்போது குழாயடியில் சண்டை போடக் கூடாது. புதிதாக ஒருவரைக் குடிவைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். பதினோராம் வருஷம் வந்ததுதான் பெரிய வில்லங்கம். ஒவ்வொரு நிறுவன நாளிலும் அங்கே குடியிருக்கும் தொழிலாளிகள், கம்பெனி முறைப்படி, தங்கள் கையால் ஒரு முழுச் சட்டை தைத்து முதலாளி குடும்பத்துத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். எந்த வருஷம் கொடுக்கவில்லையோ அந்த வருஷம் நிலமும் வீடும் குடும்பத்துக்கே திரும்பிவிடும்.

சட்டைக் கம்பெனி ஆட்களுக்குச் சட்டை தைக்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. அதுதான் கம்பெனி. காலர் ஆளுக்குக் காலர்தான் தெரியும். இடது கை வைப்பவருக்கு வலது கை தெரியாது. முப்பது வருஷம் பாக்கெட் தைத்தவர், மகன் கல்யாணத்துக்குச் சட்டை வேண்டுமென்று கடைக்குப் போய் வரிசையில் நின்றார். அடுத்த செக்‌ஷன் வேலையில் கை வைப்பது அங்கே பக்கத்து வீட்டு அடுப்பில் கை வைப்பது மாதிரி. யாரும் வைக்க மாட்டார்கள்.

காஜா அக்காவும் அப்படித்தான். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். அக்கா முப்பத்துநாலு வருஷம் அதை மட்டுமே போட்டவள். ஒரு சட்டைக்கு ஒன்பது. முன்பக்கம் ஏழு, இரண்டு கஃபுக்கும் இரண்டு. துணியை வெட்டி, ஓரத்தை நூலால் கட்டி முடித்தால், அடிக்கோலை வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் விலகியிருக்காது. அவள் புருஷன் அதே கம்பெனியில் அயர்ன் செக்‌ஷன். அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாக ஒன்பதாம் நம்பர் வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு அறை, ஒரு சமையலறை, காலையில் வெயில் விழுகிற ஒரு ஜன்னல். மகன் வீட்டுக்குப் போகலாம்தான். அங்கே அவளுக்கு ஒதுக்கிய இடம் சோபா. எல்லோரும் டிவி பார்த்து முடித்து எழுந்தால்தான் அதில் படுக்க முடியும். ஒருமுறை பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். இந்த ஜன்னலை விட்டால் தனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அறக்கட்டளையின் வரலாற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் போட்டோக்களைப் பார்த்தால் போதும். சட்டை கொடுத்த முதல் வருஷப் போட்டோவில் பெரிய முதலாளி, கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கசப்பு மருந்து குடித்தவர் போல் நிற்கிறார். முழுச் சட்டை, குறை சொல்ல முடியாது. பிறகு அவர் மகன் நடு முதலாளி வந்தார். நல்ல மனுஷன், கம்பெனியை நடத்தத்தான் தெரியவில்லை. இழுத்து மூடினார். கம்பெனி போனதும் புதிதாக ஓய்வு பெற ஆளில்லை. இருக்கிறவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூட ஆரம்பித்தார்கள். அவர்களோடு சட்டையும் தேய்ந்தது. வலது கை வைப்பவர் இறந்த வருஷம், சட்டைக்கு இடது கை மட்டும் இருந்தது. நடு முதலாளி அதையும் மாட்டிக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துச் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றார். பிறகு பாக்கெட் போனது. பிறகு காலர். கஃப் இல்லாத வருஷம் காஜா அக்கா, தன் கணக்கு ஒன்பதுதான், ஏழோடு நிறுத்த மாட்டேன் என்று அடம்பிடித்து மீதி இரண்டு காஜாவையும் சட்டையின் கீழ் ஓரத்தில் போட்டுக் கொடுத்தாள். நடு முதலாளி அதற்கும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அவர் போன வருஷம் தவறினார். அவர் மகன் சின்ன முதலாளி பொறுப்புக்கு வந்த மூன்றாம் வாரம் வக்கீல் கடிதம் வந்தது. வரும் நிறுவன நாளில் முழுச் சட்டை வர வேண்டும். கை இரண்டு, காலர் ஒன்று, பாக்கெட் ஒன்று. கம்பெனி முறைப்படி என்று பத்திரத்தில் இருப்பதால், செக்கர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டும் சட்டையோடு இருக்க வேண்டும். ஆதாரத்துக்குக் கம்பெனியின் பழைய விதிப் புத்தகத்தையும் நகலெடுத்து இணைத்திருந்தார் வக்கீல். இல்லையென்றால் அந்த இடத்தில் கார் நிறுத்தும் கட்டடம் வரும் என்று எழுதவில்லை. ஆனால் அளவெடுக்கிறவர்கள் வந்து குழாயடியில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

இருபது வீட்டில் அப்போது மீதி இருந்தவர்கள் மூன்றே பேர். கட்டிங் அண்ணனுக்கு எண்பது வயசு, ஒரு கண்ணில் பார்வை மங்கல். பட்டன் தம்பிக்கு அறுபத்தெட்டு, எல்லோரிலும் சின்னவர் என்பதால் இன்னும் தம்பி. அப்புறம் அக்கா. துணியை வெட்டலாம், துளை போடலாம், பட்டன் வைக்கலாம். நடுவில் சட்டை எங்கே என்று பட்டன் தம்பி கேட்டார்.  

கட்டிங் அண்ணன்தான் அந்தப் பேச்சை எடுத்தார். செக்கர் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள், முப்பது வருஷம் சட்டையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவளுக்கு எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமலா இருக்கும் என்றார். சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பாமல் கூரையைப் பார்த்தார். காரணம் இருந்தது. அந்தச் செக்கர் அக்காவின் நாத்தனார், புருஷனுடைய கூடப் பிறந்த தங்கை.

கல்யாணமான அடுத்த வாரமே அந்த மகராசி, அண்ணியின் மேஜையிலிருந்து வந்த நூற்று நாற்பத்துநாலு சட்டையையும் ஆல்டர் என்று திருப்பி அனுப்பினாள். ஆல்டர் என்றால் வேலை சரியில்லை, எடுத்துக்கொண்டு போய் மறுபடி செய் என்று அர்த்தம். செக்‌ஷன் முழுக்க வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து பேச்சில்லை. அண்ணன் இறந்தபோதும் வந்தாள், அழவில்லை. அவருக்குப் போட்டிருந்த சட்டையின் காலரை இரண்டு முறை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள். அக்கா அதையும் மன்னிக்கவில்லை. நாத்தனார் வீடு கேட்டு மூன்று முறை மனுப் போட்டாள். மூன்று முறையும் எல்லோரும் சரி என்றார்கள், அக்கா ஒருத்தி மாட்டேன் என்றாள். அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டுமென்ற நிபந்தனையை வைத்த பெரிய முதலாளியை அந்த மூன்று நாளும் அவள் வாயார வாழ்த்தினாள்.

இப்போது அவளிடமே போய் நிற்க வேண்டும். ஒரு வாரம் அக்கா சாக்குப் போக்குச் சொன்னாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டித் தாண்டித் தண்ணீர் பிடித்ததில் எட்டாம் நாள் ரோஷம் இறங்கிவிட்டது.

நாத்தனார், செத்துப்போன தன் மூத்த சகோதரியின் மகன் வீட்டில், மூன்றாம் மாடியில் இருந்தாள். லிஃப்ட் கிடையாது. முழங்கால் போனதால் எட்டு மாதமாகக் கீழே இறங்கவில்லையாம். அக்கா மூச்சு வாங்க ஏறிப்போய் உட்கார்ந்ததும், நாத்தனார் அவள் புடவையின் ஓரத் தையலை ஒருமுறை பார்த்தாள். வந்த விஷயத்தை அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"மூணு தடவை மனுப் போட்டேன் அண்ணி. ஒரு ஆளுக்குச் சம்மதமில்லைன்னு பதில் வந்துச்சு."

"அந்த ஆள் நான்தான்."

"தெரியும். கையெழுத்தைப் பார்த்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த நூற்று நாற்பத்துநாலு சட்டைக்குப் பதில் சொல், என் காஜாவில் என்ன கோணலைக் கண்டாய் என்று பிடித்துக்கொண்டாள். நாத்தனார் நிஜமாகவே திகைத்துப்போனாள். கூடவே வந்த சீட்டைப் படிக்கவில்லையா என்று கேட்டாள். படிப்பதாவது, அக்கா அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டிருந்தாள். அதில் காஜாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, காலரை மாற்ற வேண்டுமென்றால் அதை ஒட்டியிருக்கும் முதல் காஜாவையும் பிரித்தாக வேண்டும், அதனால் கட்டு முதலில் அக்காவின் மேஜைக்கு வந்தது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

நாற்பத்தொன்பது வருஷக் கோபத்துக்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்ததில் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை, இன்னும் எரிச்சலாக வந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றாள். சீட்டில்தான் எழுதியிருந்தேனே என்றாள் நாத்தனார். அவள் அப்படித்தான்.

அக்கா சம்மதக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் பத்தாம் நம்பர் வீட்டுக்கு, மாடிப்படி ஏற வேண்டாத தரைத்தளத்துக்கு, நாத்தனார் குடிவந்தாள். கூடத்து மேஜையில் சட்டை வேலை ஆரம்பமானது. கட்டிங் அண்ணன் நல்ல கண்ணைத் துணிக்கு அருகே வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். இதுதான் தன் கடைசித் துணி, இனிமேல் கத்தரியைத் தொட்டால் விரல்தான் போகும் என்று வெட்டி முடித்ததும் சொல்லிவிட்டார். தையல் மிஷினில் பட்டன் தம்பியை உட்காரவைத்தார்கள். மிதித்தால் மிஷின் ஓடும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, எதற்குப் பிறகு எது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கையால் ஒரு தையலும் போடத் தெரியாது. தப்பு மட்டும்தான் தெரியும். அதைத் தாராளமாகச் சொன்னாள்.

நிறுவன நாளில் சட்டை முழுதாக இருந்தது. அழகாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இடது கை வலப்பக்கம் போயிருந்தது. காலர் ஒரு காது மடங்கிய நாய் மாதிரி நின்றது. பாக்கெட் கிட்டத்தட்ட அக்குளில். ஒன்பது காஜா மட்டும் பளிச்சென்று இருந்தன. வக்கீல் விரல் வைத்து எண்ணினார், எல்லாம் இருந்தது. சின்ன முதலாளியின் முகம் தொங்கிப்போனது. செக்கர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றார் வக்கீல்.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சட்டையைத் திருப்பினாள், உள்பக்கம் பார்த்தாள், இழுத்தாள், மறுபடி திருப்பினாள். ஒரு கையெழுத்துக்கு இத்தனை நேரமா என்று அக்கா முனகினாள். கடைசியில் நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஆல்டர்."

 பழி வாங்கிவிட்டாள் பாவி, வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்ததற்கு நல்ல கூலி கொடுத்துவிட்டாள் என்று அக்கா நினைத்தாள். பட்டன் தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டார். வக்கீல் சிரித்தபடி பேனாவை மூடி, சட்டை தேறவில்லை, ஆகவே அறக்கட்டளை முடிந்தது என்றார்.

நாத்தனாருக்கு அது புரியவேயில்லை. எது முடிந்தது என்று கேட்டாள். ஆல்டர் பீஸ் என்றால் வேலை நடக்கிற பீஸ், கொடுத்ததும் ஆகாது, கொடுக்காததும் ஆகாது. ஒரு பீஸ் ஆல்டரில் இருக்கும்போது அடுத்ததை வெட்டக்கூடக் கூடாது. விதிப் புத்தகத்தில் பதினாலாம் பக்கம் பாருங்கள் என்றாள். வக்கீல் தான் இணைத்த புத்தகத்தைத் தானே புரட்டினார். இருந்தது. எத்தனை நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் எங்கேயும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பேன், வேலை நிஜமாகவே நடக்க வேண்டும் என்று சின்ன முதலாளி கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கார் வெளியே போனதும் அக்கா நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துத்தான் செய்தாயா என்று கேட்டாள். யோசிக்கவெல்லாம் இல்லை, அந்தக் காலருக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றாள் நாத்தனார். அன்றைக்கு அக்கா அவளுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள்.

கட்டிங் அண்ணனை மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். அப்போதுதான் அக்காவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இனி துணி வெட்ட ஆளில்லை, இந்தச் சட்டை தேறினால் அடுத்த வருஷத்துச் சட்டை கிடையாது. ஆகவே இது தேறவே கூடாது. ஆல்டரில் இருக்கும் வரைதான் கூரை.

முதல் மூன்று மாதம் காலர் ஆல்டர். அடுத்து கை ஆல்டர். அடுத்து பாக்கெட். பயமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பட்டன் தம்பிதான் கெடுத்தார். மனுஷனுக்கு அறுபத்தெட்டு வயசில் தையல் பிடிபட்டுவிட்டது. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பிரிப்பதும் தைப்பதுமாக இருந்தார். நான்காம் முறை சின்ன முதலாளி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் காலர் கத்தி மாதிரி நின்றது. கை சரியான பக்கத்துக்கு வந்துவிட்டது. அக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, காலரைக் கொஞ்சம் கோணலாக்கிவிடு தம்பி, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு காலர் தைத்திருக்கிறேன், வீடு போனாலும் அதில் கை வைக்க மாட்டேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாத்தனாரிடம் போனாள். அவள் ஏற்கெனவே சட்டையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"ரெண்டு நாளாத் தேடறேன் அண்ணி. ஒரு தப்பும் கிடைக்கலை."

"இருக்குன்னு சொல்லிடேன்."

"இல்லாததை எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு அழுதாள். அண்ணன் செத்ததுக்கு அழாதவள். மூன்றாம் மாடிக்குத் திரும்பப் போனால் பிணமாகத்தான் இறங்குவேன் என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஐந்தாவது காஜாவைப் பிரித்தாள். அந்த இடத்துக்குப் புதிதாக ஒட்டுத் துணி வைத்து, கோணலாக வெட்ட பிளேடை எடுத்தாள். நேராக வந்தது. கை பழகிப்போய்விட்டது, அதற்குக் கோணல் தெரியாது. ஒட்டை மாற்றிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெட்டினாள். அப்போதும் நேராகவே வந்தது, சனியன். கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள். கடைசியில் இடது கையில் பிளேடைப் பிடித்தாள். கோணல் வந்தது, நல்ல கோணல், அரை நூல் சாய்வு. அதைக் கட்டி முடித்தாள். பெற்ற பிள்ளையை வேண்டுமென்றே அடித்த மாதிரி இருந்தது.

நான்காம் முறை சின்ன முதலாளி, வக்கீல், ஒரு போட்டோகிராபர் மூன்று பேரும் வந்தார்கள். சட்டையைப் பார்த்ததும் சின்ன முதலாளிக்கே போட்டுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. நாத்தனார் கையெழுத்துக்குத் தயாராகச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். காலரைத் தடவினாள், சரி. கையை இழுத்தாள், சரி. பாக்கெட் சரி. விரலை மேலிருந்து ஒவ்வொரு காஜாவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். ஐந்தாவதில் விரல் நின்றது. மறுபடி தடவினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணி, இது யார் போட்டது?"

பட்டன் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். முப்பத்துநாலு வருஷத்தில் அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு வந்ததில்லை.

"நான்தான்."

நாத்தனார் அவளைப் பார்த்தாள்.  சீட்டைக் கிட்டே இழுத்து, ஐந்தாவது காஜா கோணல் என்று தெளிவாக எழுதி, அண்ணியின் கையில் கொடுத்தாள். அக்கா அதை முழுதாகப் படித்தாள். படித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டையை வாங்கினாள்.

"எப்பக் கொடுக்கணும்?"

"அவசரமில்லை அண்ணி," என்றாள் நாத்தனார். "நிதானமாப் போடுங்க."